அடுத்த வீட்டுப் பையன் பெட்டியில்

கூத்தாநல்லூரில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘சபுராளி’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் சம்பாதிப்பவரை இங்கே அப்படிச் சொல்வார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் கடைக்கு வருவார்கள். பெட்டியில் இடம் மிச்சமாகட்டும் என்று டப்பாக்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாத்திரை அட்டைகளை மட்டும் ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுப்பேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்தார். முதுகுவலிக்கு ட்ரமடால் வாங்கிப்போன அவர் கணவரை ஷார்ஜாவில் இறங்கியதும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். அவர் கையில் டாக்டர் சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. நம் ஊரில் சீட்டுக்குக் கிடைக்கிற மாத்திரைதான். ஆனால் அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்னதாகவே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கைகொடுத்தது எங்கள் எச்1 பதிவேடுதான்; இந்த மாதிரி மருந்துகளை விற்கும்போது கடையில் கட்டாயம் எழுதிவைக்க வேண்டிய நோட்டு அது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் அதில் இருக்கும். அந்த டாக்டரை எழுப்பிக் கடிதம் வாங்கி அனுப்பினோம். மறுநாள் மதியம்தான் அவரை விட்டார்கள். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவைப் பிரித்துக் கொடுத்தவன் நான்தானே.

அதற்குப் பிறகு, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. அபின் வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த இருமல் மருந்தா, பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலமா, அப்படியே நிறுத்திப் பேசுவேன். சிங்கப்பூர் என்றால் சாதாரண மருந்தே 3 மாதத் தேவைக்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும். டப்பா பிரிப்பதில்லை. சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்சுலினைக் கைப்பையில் வைக்கச் சொல்கிறேன். விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்தால் வீண்.

இத்தனைக்கும் மேலே என்னை உறுத்துவது பார்சல் பழக்கம். போன மாதம் ஒரு அம்மா வந்தார். துபாயில் இருக்கும் மகனுக்கு இருமல் மருந்து வேண்டும், அடுத்த வீட்டுப் பையன் கொண்டுபோவான் என்றார்.

“அம்மா, இதில் கோடீன் இருக்கு. உங்க மகன் பெயருக்குச் சீட்டே இருந்தாலும் அந்தப் பையன்தான் மாட்டுவான்.”

“ஊறுகாயோட சேர்த்துக் கட்டிடுறேன் தம்பி, தெரியாது.”

“அந்தப் பையனுக்கும் தெரியாதேம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கடை வாசலிலேயே மகனுக்குப் போன் போட்டு, அங்கேயே டாக்டரைப் போய்ப் பார் என்று சத்தமாகச் சொன்னார்.