படிக்கட்டில் பாய்ந்த சகோதரர்கள்

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. 1943இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' என்ற ஹாலிவுட் படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. லீனா ஹார்ன் பாடவும் பில் ராபின்சன் ஆடவும் ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆனால் கடைசியில் கேப் கேலோவேயின் இசைக்குழு முழங்க, நடனக் கலைஞர்களான நிக்கோலஸ் சகோதரர்கள் இருவரும் வருகிறார்களே! பெரிய பெரிய படிகள். ஒருவர் தலைக்கு மேலே மற்றவர் தாவி, கீழ்ப்படியில் இரு கால்களையும் அகல விரித்து விழுகிறார். அடுத்த கணம் இவர் அவரைத் தாண்டுகிறார். இப்படியே தரை வரைக்கும். பார்த்ததற்கே என் முழங்கால் வலித்தது.

அந்நாளில் வேறு படங்களில் லீனா பாடும் காட்சிகளை, அவர் கறுப்பினத்தவர் என்பதால், நிறவெறி மிகுந்த அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்களுக்காக வெட்டிவிடுவார்கள். இதில் நடித்தவர்கள் எல்லோருமே கறுப்பினக் கலைஞர்கள். எங்கே வெட்டுவது?