ஒற்றையாள் பரிசல்

செப்டம்பர் பிறந்தால் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவுடா போவுது?" என்பதுதான். பென்னாகரத்துக்காரர்களுக்கு உள்ள வியாதி இது. ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை, தடை நீக்கம். இதைக் கேட்டுக்கொண்டேதான் எங்கள் வீட்டில் இட்லி வெந்தது. மாமா பரிசல் ஓட்டியவர். தடை போட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் வருமானம் இல்லை.

"ஆயிரத்து அறுநூறும்மா."

"அவ்வளவுதானா? அதுல என்னத்தப் பரிசல் ஓட்டுவ?"

நான் மீன் பிடிக்கப் போவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் யாக்கிமா ஆறு. சியாட்டிலிலிருந்து கிழக்கே மலைத்தொடரைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டினால் எல்லன்ஸ்பர்க். அங்கிருந்து தெற்கே 821-ஆம் எண் சாலை பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. இருபுறமும் கறுத்த எரிமலைப் பாறை, காய்ந்த புல். கிழக்குக் கரையில் சாலை, மேற்குக் கரையில் சரக்கு ரயில், நடுவில் ஆறு. மலையைத் தாண்டியதும் மழைக்காடு முடிந்து தர்மபுரிப் பக்கத்துக் கரடு மாதிரி ஆகிவிடுவதால்தானோ என்னவோ, எனக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று.

இந்த ஆறு கோடையில் நிரம்பி ஓடும். மேலே கீச்செலஸ், கச்செஸ், கிளி எலம் என்று மூன்று அணைகள். கீழே யாக்கிமா சமவெளியில் ஆப்பிள் தோட்டங்கள். பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் உண்டு, அமெரிக்காவில் விளைவதில் பெரும்பங்கு அங்கேதான். நமக்கு ஜூன் 12 மேட்டூர் மாதிரி, அந்தத் தோட்டங்களுக்காக இங்கே அணைகளைத் திறந்துவிடுகிறார்கள். ஜூலையில், பள்ளத்தாக்குக்குள் உம்டானம் என்ற இடத்தில் உள்ள அளவுமானி 3,500 கன அடியைத் தாண்டிக் காட்டும். தண்ணீர் கரைச் செடிகளுக்குள் புகுந்து ஓடும். மீன் பிடிப்பது இருக்கட்டும், பரிசலை நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடு. போதாததற்கு சனி ஞாயிறுகளில் ரப்பர் டியூப்களை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டபடி ஒரு திருவிழாக் கூட்டமே மிதந்து வரும்.

செப்டம்பர் தொடக்கத்தில் அணைக்காரர்கள் இந்தப் பக்கத்தைக் குறைத்துவிட்டு, கீழ்ப்பாசனத்துக்கு நாச்சஸ் கிளையாற்றுப் பக்கமிருந்து, முக்கியமாக ரிம்ராக் நீர்த்தேக்கத்திலிருந்து, கூடுதலாகத் திறக்கிறார்கள். இதற்கு இங்கே 'ஃபிளிப் ஃபிளாப்' என்று செல்லப்பெயர். 1980-களில் தொடங்கிய ஏற்பாடு. காரணம் சினூக் சால்மன். கடலிலிருந்து ஏறி வரும் அந்த மீன் செப்டம்பரில் ஆற்றின் மேல்பகுதியில் கூழாங்கல்லைக் கிளறி முட்டையிடும். நிறைந்த ஆற்றில் கரையோரமாக இட்டுவிட்டால், குளிர்காலத்தில் அணை நிரப்பத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்போது அந்த முட்டையெல்லாம் கரையேறிக் காய்ந்துபோகும். அதனால் முட்டையிடும் முன்பே ஆற்றைத் தாழ்த்தி, தாழ்ந்த ஆற்றிலேயே இட வைக்கிறார்கள். சால்மனுக்காகச் செய்வதுதான், என் பரிசலுக்கும் வசதியாகிவிடுகிறது.

பரிசல் என்று நான் சொல்வது ஒரு காற்றடைத்த குதிரை லாடம். நடுவில் ஓர் இருக்கை, பக்கத்துக்கு ஒரு துடுப்பு, முன்னால் திறந்த வாய். அந்த வாய் வழியாகக் கால் இரண்டும் தண்ணீரில் தொங்கும், காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் மட்டை. மொத்தம் இருபது கிலோ போல இருக்கும், முதுகில் கட்டித் தூக்கிவிடலாம். நங்கூரம் வைத்துக்கொள்வதில்லை. இழுப்பு உள்ள இடத்தில் நங்கூரம் மாட்டிக்கொண்டால், கயிறு பரிசலையே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இழுக்கும். பலர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டாம்.

இதில் எல்லாமே பின்னோக்கித்தான். மாமா பரிசலின் முன்விளிம்பில் குந்தி, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்து முன்னேறுவார். இங்கே முகம் ஆறு போகும் திசையில். துடுப்பை இழுத்தால் பரிசல் பின்னால் வரும், கால் மட்டையை உதைத்தாலும் பின்னால்தான். முதல் வருஷம் இது எனக்குப் பிடிபடவே இல்லை. பாறை வந்தால் அதைவிட்டுத் திரும்பி ஓடத்தான் கை போகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: மூக்கைப் பாறைப் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு பின்னால் இழுக்க வேண்டும். அப்போது ஆறே பக்கவாட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மீன் விஷயத்திலும் அப்படித்தான். டிரவுட் கரையோரப் புல்லுக்கு அடியில் நிற்கும். அங்கே தண்ணீர் மெதுவாகப் போகும், நடு ஆறு வேகமாகப் போகும். நான் நடு ஆற்று வேகத்தில் போனால் தூண்டில் நரம்பு இழுபட்டு, கரையோரம் மிதக்கும், கொக்கியில் கட்டிய போலிப்பூச்சி மோட்டார் போட்ட மாதிரி கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்த மீனும் சீண்டாது. கால் மட்டையால் உதைத்து உதைத்து, கரைத் தண்ணீரின் வேகத்துக்கு நானும் இறங்கிவிட்டால், பூச்சி தன்பாட்டுக்குப் போகும், நான் என்பாட்டுக்குப் போவேன், இருபது முப்பது அடிக்கு. ஒரே இடத்தில் நின்று வீசுகிறவனுக்கு அவ்வளவு நீளம் கிடைக்காது. பரிசல் வாங்கியது ஆற்றைக் கடந்து போக என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் பாதி நேரம் போகாமல் இருக்கத்தான் பாடுபடுகிறேன்.

அன்றைக்கு உம்டானத்தில் இறங்கினேன். தொங்குபாலத்துக்குக் கீழே தண்ணீர் பச்சைக் கண்ணாடி. செப்டம்பர் வரைக்கும் இங்கே ஸ்டோன்ஃபிளை என்று ஓர் ஆற்றுப்பூச்சி உண்டு. ஆணுக்குச் சிறகு குட்டை, பறக்க வராது. தண்ணீர் மேலேயே குடுகுடுவென்று ஓடும். அதற்குப் போலியாகப் பழுப்பு ஸ்பாஞ்ச் உடம்பும் வெள்ளை முடியும் கட்டிய ஒன்றைப் போட்டேன். கொக்கிக்கு எதிர்முள் கிடையாது. இந்தப் பகுதியில் விதி அப்படி, டிரவுட்டைப் பிடித்தால் விட்டுவிடவும் வேண்டும்.

முதல் மீனை நானே துரத்திவிட்டேன். ரயில் பாதைக் கரைப்பாறைகளின் நிழலில் வெள்ளை முடி மிதந்து போகிறது. அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பி, பூச்சிக்கு நேர் கீழேயே வாலாட்டிக்கொண்டு கூடவே வருகிறது. ஓரடி, இரண்டடி. வாயைத் திறந்தது. மூடுவதற்குள் நான் வெடுக்கென்று தூக்கிவிட்டேன். மண்புழு, தக்கை காலத்துப் பழக்கம். அந்த நேரம் பார்த்து நூறு பெட்டிச் சரக்கு ரயில் ஒன்று வந்து, நான் சொன்ன கெட்ட வார்த்தையை மூடிவிட்டது.

இரண்டாவது, வில்லோ கிளைகள் தண்ணீரைத் தொடும் ஒரு திருப்பத்தில். அங்கே நெருங்கக் கூடாது. கிளைக்குள் தண்ணீர் புகுந்து போகும், ஆள் மாட்டிக்கொள்வான். விலகி இழுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் ஆறு போகும் பக்கமாகச் சாய்த்து வீசினேன், பரிசலுக்கு முன்பு பூச்சி போய்ச் சேரட்டும் என்று. சத்தமே இல்லை. ஒரு மூக்கு வந்தது, வெள்ளை முடி காணாமல் போனது. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணித் தூக்கினேன். கம்பு வளைந்தது. மீன் பரிசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நானும் பரிசலும் கூடவே சுற்றினோம். ஒகேனக்கல்லில் டூரிஸ்டுகளைக் கூச்சலிட வைக்க மாமா சுற்றுவாரே, அதே மாதிரி.

கடைசியில் லாடத்தின் வாய்க்குள், என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில், தொட்டியில் விட்ட மாதிரி வந்து நின்றது. ஒன்றேகால் அடி ரெயின்போ. கையை நனைத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கினேன். பக்கவாட்டில் ரோஸ் பட்டை, முதுகெல்லாம் மிளகு தூவிய புள்ளி. ஊட்டி அவலாஞ்சியில் பள்ளிச் சுற்றுலாவில் தொட்டியில் பார்த்த அதே ஜாதி. வெள்ளைக்காரன் அங்கே கொண்டுபோய் விட்டது. இந்தப் பசிபிக் பக்கத்து ஆறுகள்தான் அதற்குச் சொந்த ஊர். கொக்கி வழுக்கி வந்தது. கையிலேயே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, என் வலது கால் மட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டது.

பிக் பைன்ஸில் கரையேறும்போது வெயில் இறங்கியிருந்தது. தனியாளாகப் போவதால், காலையிலேயே அங்கே சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உம்டானத்துக்கு வருவேன். திரும்பிப் பத்துக் கிலோமீட்டர் போல மிதித்துப் போய்க் காரை எடுத்து வரலாம். சைக்கிள் இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி காரில்.

ஈரக் காலுறையோடு சாலையில் முக்கால் மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் படகை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பிக்கப் நின்றது. உள்ளே ஒரு பெரியவர். கண்ணாடியை இறக்கி, ஹலோகூடச் சொல்லாமல், "சாவியா?" என்றார்.

அடுத்த நாளே நகல் சாவி ஒன்று செய்து, பரிசல் இருக்கைக்கு அடியில் தங்கூசி நரம்பால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.