வரத்து வாய்க்காலை அளந்த கதை

2019 ஏப்ரலில் எங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்காலைப் பற்றி என் வலைப்பூவில் எழுதினேன். பிப்ரவரியில் 1,200 மீட்டர் தூர் வாரி முடித்ததாகப் பலகை வைத்திருந்தார்கள். நானும் சித்தப்பாவும் 30 மீட்டர் டேப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஏரி வாயிலிருந்து ரயில் பாதை வரை அளந்தோம். 900 மீட்டர் வந்தது. அதிலும் ஏரியை ஒட்டிய 180 மீட்டரில் மண்வெட்டியே படவில்லை. வாரியது 720 மீட்டர்தான் என்று கணக்குப் போட்டு, "480 மீட்டர் எங்கே?" என்று தலைப்பு வைத்தேன். ஊர்க்காரர்கள் நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஒருவர் மட்டும், "ஆதாரம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் டேப்பும் கோபமும்தான் இருந்தன.

சரி, காகிதத்தைக் கேட்போம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதலில் எழுதிய வரைவில் "ஏன் முழுதும் தூர் வாரவில்லை?" என்று இருந்தது. இப்படி மனு போட்டுப் பழகிய நண்பர் அதை அடித்துவிட்டார். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்டால் மனு வீணாகும் என்றார். அதனால் மதிப்பீட்டின் நகல், முடிந்த வேலையை அளந்து பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தின் நகல், பில் நகல், அப்புறம் ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் தர வேண்டிய 30 நாள் ஆயிற்று. பதில் இல்லை. பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள். பதிலுக்கான கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. செய்தேன். ஜூலையில் கடிதம் வந்தது: நேரில் வந்து பாருங்கள்.

அந்த நாள் எனக்கு மறக்காது. பழுப்பேறிய அட்டை போட்ட அளவுப் புத்தகம். நீளம், அகலம், ஆழம் என்று வரிவரியாகப் பேனாவில் எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தைப் படித்தபோதே எனக்குத் தொண்டை வறண்டது. வேலையின் பூஜ்ஜியம் மீட்டர் ரயில் பாதையில் தொடங்கவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் 300 மீட்டர் தள்ளி, பக்கத்து ஊர் எல்லையில் தொடங்கியது. அங்கே நான் போகவே இல்லை.

மறுநாள் காலையிலேயே போனோம். அந்த 300 மீட்டரும் சுத்தமாக வாரப்பட்டிருந்தது, கரையில் எடுத்துப்போட்ட மண் அப்படியே கிடந்தது. ஆனால் கடைசி 180 மீட்டரையும் புத்தகத்தில் வாரியதாகவே எழுதியிருந்தார்கள். அங்கே வாய்க்கால் நடுவிலேயே சீமைக்கருவேலம் நின்றது. மணிக்கட்டு கனம். ஐந்து மாதத்தில் அந்தக் கனம் வராது. அடிமரத்தோடு டேப்பை வைத்து, தேதி தெரிய ஒவ்வொரு மரத்தையும் படம் பிடித்தேன். அகலம் அரை அடி முன்னே பின்னே இருந்ததெல்லாம் சில்லறை விஷயம், அதை விட்டுவிட்டேன்.

பிறகு எழுதியதுதான் கடினம். பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் தலையிலேயே, "நான் 480 என்று எழுதியது தவறு. 300 மீட்டரை நான் பார்க்காமல் எழுதினேன். விடுபட்டது 180 மீட்டர்" என்று போட்டேன். கீழே அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல். கெடு தாண்டிக் கொடுத்ததால் பிரிவு 7(6)-ன்படி அவற்றுக்குக் காசு வாங்கவில்லை. வேலையை அளந்து கையெழுத்திட்டவரின் பெயரை மறைத்தேன். அவர் சொல்வதை நான் இன்னும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் சித்தப்பா அந்த நகல்களை எழுந்து நின்று வாசித்தார். மறுப்பதற்கு யாரிடமும் வார்த்தை இல்லை. புரட்டாசி முடிவதற்குள் ஜேசிபி வந்து கருவேலத்தை வேரோடு பிடுங்கியது. ஐப்பசி மழையில் அந்த வழியாகச் செம்மண் தண்ணீர் ஏரிக்குள் இறங்குவதைக் கரையில் நின்று பார்த்தோம். "மொதல்ல எழுதினது தப்புன்னு போட்டியே, அதைப் படிச்சப்புறம்தான்டா எனக்கு சபையில எந்திரிக்கத் தைரியம் வந்துச்சு" என்றார் சித்தப்பா.

பில் நகல் மட்டும் வரவில்லை. அதற்காக மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீட்டை 90 நாள் கெடுவுக்குள் அனுப்பிவிட்டேன்.