மாமாவின் செலவு நோட்டு

என் அக்காள் மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில், மாமா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் செலவுகளை எழுதத் தொடங்கினார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ மருந்துகள் பெரும்பாலும் அடங்கிவிட்டதால், அந்த நோட்டில் மருந்தின் பெயர் அரிதாகவே வருகிறது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் பேருந்துக் கட்டணம், மருத்துவமனைக்கு அருகில் எடுத்த ஒற்றை அறையின் வாடகை, வெளியே எடுத்துவரச் சொன்ன ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் கண்ட இரவில் பிடித்த ஆட்டோ என்றே பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. கொத்தனாரான அவர், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை எங்குமே எழுதவில்லை. எழுதியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிய தொகையாக இருந்திருக்கும். ரயிலில் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதைக்கூட வார்டில் இருந்த இன்னொரு தாய் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூடப் பிழைப்பதில்லை. விலை உயர்ந்த புது மருந்துகள் கிடைக்காததுதான் காரணம் என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். ஆனால் இந்த நோய்க்கான அடிப்படை மருந்துகள் மிகப் பழையவை. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் 1960களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவியில், பர்கிட் லிம்போமா என்னும் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரை, ஆளுக்கு 50 டாலருக்கும் குறைவான மருந்துகளைக் கொண்டே மருத்துவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், கிருமித்தொற்றும், மருந்துத் தட்டுப்பாடும் உயிர்களைப் பறிக்கின்றன என்பது உண்மையே. எனினும் நான் கண்ணால் கண்டது வேறொன்று. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்வது. ஆனால் முதல் மாத முடிவிலேயே பரிசோதனையில் புற்றணுக்கள் தென்படாமல் போய், குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடுகிறது. கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில், 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்' என்ற எண்ணம் எழுவது அந்தச் சமயத்தில்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமியின் தந்தை, ஆடுகளை விற்ற பணமும் தீர்ந்தபின், அடுத்த கீமோவுக்கு அவளை அழைத்து வரவேயில்லை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மருத்துவர்கள் அவரிடம் சொல்லாமல் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் 2021-இல் அறிவித்த, குழந்தைப் புற்றுநோய் மருந்துகளை ஏழை நாடுகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் மருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, குழந்தையும் அங்கே வந்து சேர வேண்டும். 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்குமிடம் அளிக்கின்றன. வழிச் செலவையும், வருபவரின் சாப்பாட்டையும், இழந்த கூலியில் ஒரு பங்கையும் அரசே சிகிச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பையன் இப்போது மாத்திரைக் கட்டத்தில் இருக்கிறான். நோட்டில் இன்னும் நான்கு பக்கங்கள் மீதமிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மீண்டும் சென்னைக்குப் போக வேண்டும்; அதற்கான பணத்தை மாமா மேஸ்திரியிடம் முன்பணமாக வாங்கி வைத்திருக்கிறார்.