அதிபர் பதவிக்குப் பின் ஆடம்ஸ்

பதவி போனதும் சுயசரிதை எழுத உட்காரும் தலைவர்கள் எனக்கு அலுத்துவிட்டார்கள். பிடித்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்று அமெரிக்க அதிபர் பதவியை இழந்தவர், 1831இல் மாசசூசெட்ஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வெறும் உறுப்பினராகப் போனார்.

போய்ச் சும்மா இருக்கவில்லை. அடிமை முறையை எதிர்க்கும் மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கச் சபை 1836இல் விதி போட்டது. கிழவர் விடவில்லை. மனுக்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி மறுபடி எழுந்தார். கண்டனத் தீர்மானம்கூடக் கொண்டுவந்து பார்த்தார்கள்; பலிக்கவில்லை. 1844 டிசம்பரில் விதியே போய்விட்டது. நடுவே 1841இல், 73 வயதில், அடிமைகளாக விற்கப்பட்டு, அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார், அவர்கள் விடுதலையானார்கள். 1848 பிப்ரவரியில் சபையிலேயே சரிந்து விழுந்தார். இரண்டு நாளில், அதே கட்டடத்தில், உயிர் பிரிந்தது.

வாஷிங்டனில் அந்தப் பழைய அவையில் அவர் மேசை இருந்த இடத்தைத் தரையில் ஒரு வெண்கலத் தகடு காட்டுகிறது. வழிகாட்டி தூரத்தில் போய் நின்று முணுமுணுத்தார்; தகட்டருகே நின்ற எனக்குக் காதருகில் கேட்டது. எதிரிகளின் ரகசியங்களை ஆடம்ஸ் இப்படித்தான் ஒட்டுக்கேட்டாராம். நான் நம்பவில்லை. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

இன்னொரு முன்னாள் அதிபர் வில்லியம் டாஃப்ட் 1921இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானதைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். பெரிய நாற்காலிதான், ஆனால் அது நியமனம், ஊரார் ஓட்டு தேவையில்லை. என் கணக்கில் அவருக்கு இரண்டாமிடம்.