இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது

சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். காலை வேளை முழுக்கக் குளுக்கோஸ் தண்ணீரோடுதான் போகும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்போம். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். சிலருக்குக் குமட்டும். அப்புறம் இரண்டு மணி நேரம் நடக்காமல், காபி குடிக்காமல், பீடி பிடிக்காமல் உட்கார வேண்டும். அதன் பிறகு மறுபடி ரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்போம். "எனக்குத்தான் சுகரே இல்லையே சிஸ்டர், கிளம்பட்டுமா?" என்று அரை மணியிலேயே கேட்பார்கள்.

கிளம்ப விடமாட்டேன். வெறும் வயிற்றில் 96 காட்டியவருக்கு இரண்டு மணி நேரம் கழித்து 168 வந்ததைப் பார்த்திருக்கிறேன். 140 முதல் 199 வரை வந்தால் அவர் நோயின் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். முதல் ரத்தத்தோடு அனுப்பியிருந்தால், "நார்மல்" என்று நிம்மதியாகப் போயிருப்பார்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, இப்படி வாசலில் நின்ற 531 பேரைத்தான் எடுத்துக்கொண்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே வருஷத்தில் நீரிழிவு வந்துவிட்டது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது சுமார் 39 சதவீதம். சர்க்கரையைக் குறைக்கக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் லாபம் இல்லை. எனக்கு இதில் பெரிய விஷயம், நடையும் சாப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றதுதான்.

எடுத்த ரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில் விட்டு, மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குவேன். உள்ளே ஃபுளோரைடு இருக்கிறது. அது சரியாகக் கலக்காவிட்டால் ரத்த அணுக்களே சர்க்கரையைச் செலவழித்துவிடும், அளவு குறைவாகக் காட்டும். அந்தப் பொய்யான எண் எங்கள் மையத்து ஆய்வுக்குள் போனால் இவ்வளவு பேர் பசியோடு உட்கார்ந்ததும் வீண்.

அம்மா, அப்பாவுக்குச் சுகர் இருக்கிறவர்கள், கர்ப்பத்தில் சுகர் வந்த பெண்கள், இவர்களை வெறும் வயிற்று அளவோடு மட்டும் அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. கூட்டம் அதிகம், இடம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனாலும் நாலு பெஞ்சு கூடுதலாகப் போட்டாவது அவர்களை உட்கார வைக்க வேண்டும்.