சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பாடகர்

கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றின் அசெம்பிளி பிரிவில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் லைனில் இருக்கும் தம்பி ஒருவன் சொந்தமாகப் பாட்டெழுதி, தானே மெட்டமைத்துப் பாடுவான். "வேலைய விட்றலாம்னு இருக்கேனுங்ண்ணா" என்று போன மாதம் அவன் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ். அன்று உணவு இடைவேளையில் துண்டு துண்டாகச் சொன்ன அவருடைய கதையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

விதர்ஸ் 1938-ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஸ்லாப் ஃபோர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அருகிலுள்ள பெக்லியில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சிறு வயது முதல் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேச நினைத்த சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் வேதனையை அறிந்த ஒருவர் பின்னாளில் இத்தனை எளிய, நேரான சொற்களில் பாட்டெழுதியதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. பள்ளி வயது முடியும் தறுவாயில் கடற்படையில் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். அதன்பின் கலிபோர்னியாவில் பால் விநியோகம் செய்தார்.

ஓக்லாந்தில் ஒரு இரவு விடுதியில், பாடகர் லூ ரால்ஸுக்கு வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று மேலாளர் புலம்பியதை விதர்ஸ் கேட்டாராம். அப்போது விதர்ஸின் சம்பளம் மணிக்கு 3 டாலர். அடகுக் கடையில் மலிவான கிதார் ஒன்றை வாங்கி, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு பாட்டெழுதத் தொடங்கினார். கலை ஆசை பிறந்த இடம் ஒரு சம்பளக் கணக்கு என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கூலிக்கு உழைக்கும் எவருக்கும் அந்தக் கணக்கு புரியும்.

1967-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து, விமானங்களுக்கான கழிப்பறைகளைத் தயாரிக்கும் ஆலையில் சேர்ந்தார். பகலில் ஆலை வேலை. மிச்சம் பிடித்த பணத்தில், இசை நிறுவனங்களுக்குப் போட்டுக்காட்டும் டெமோ ஒலிப்பதிவுகள். சஸெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கிளாரன்ஸ் அவண்ட் அவற்றைக் கேட்டு அவரை ஒப்பந்தம் செய்தார். இசைக்கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிப்பில் முதல் இசைத்தொகுப்பு 1971-இல் வெளிவந்தபோது விதர்ஸுக்கு வயது முப்பத்திரண்டு.

அந்த ஒலிப்பதிவில் நடந்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்பில் உள்ள 'ஐன்ட் நோ சன்ஷைன்' பாட்டின் நடுவே 'ஐ நோ' (எனக்குத் தெரியும்) என்ற இரண்டு சொற்கள் 26 முறை வருகின்றன. அந்த இடத்துக்குப் பிறகு வரிகள் எழுதிக்கொள்ளலாம் என்று வெறுமனே நிரப்பிவைத்திருந்தார் விதர்ஸ். அனுபவமுள்ள இசைக்கலைஞர்கள் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். தான் ஆலைத் தொழிலாளி, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று எண்ணி அவரும் விட்டுவிட்டார். வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போகிறவன் அங்குள்ள மூத்த கைகள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் பணிவு அது; பல ஆண்டு ஆலை வாழ்க்கை பழக்கியது என்றே நினைக்கிறேன். முதலில் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வைக்கப்பட்ட அந்தப் பாட்டை வானொலிக்காரர்களே புரட்டிப் போட்டு ஒலிபரப்பினார்கள். அமெரிக்கத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போய், அடுத்த ஆண்டு கிராமி விருதும் பெற்றது.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் அவர் வேலையை விடவில்லை. இசைத் தொழிலை நம்ப முடியாது என்று கருதினார். தொகுப்பு வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆலைதான் ஆட்குறைப்பில் அவரை நிறுத்தியது. பிறகு மீண்டும் வேலைக்கு வரச் சொல்லி ஆலையிலிருந்தும், ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடச் சொல்லியும் இரண்டு கடிதங்கள் வந்தன என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதல் தொகுப்பின் அட்டைப்படத்தைத் தம்பிக்குக் கைப்பேசியில் காட்டினேன். ஆலையில் உணவு இடைவேளையில் எடுத்த படம். செங்கல் சுவரருகே, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு விதர்ஸ் நிற்கிறார். வேலையைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. "எந்த ஷிப்ட் முடிஞ்சு வந்து பாட்டு எழுதியிருப்பாருங்ண்ணா?" என்று மட்டும் கேட்டான்.